புது இரட்டைக்குழல் துப்பாக்கி சோக்: ரெண்டு சொட்டு எண்ணெய் ஆயுசுக்கும் போதுமாம்!

பாலாத்தங்கரை:
நேத்து ஒரு குரூப்ல ஒரு பெரியவர் எழுதியிருக்கார்: "புது இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினவங்க, ரவை சிதறாம அடக்க பாரல் வாயில இருக்கற சோக்கைக் கழட்டிகினு உக்கார வேணாம். கம்பெனிக்காரன் முறுக்கினது முறுக்கினபடி இருக்கட்டும். மாசம் ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் வாயில விட்டா ஆயுசுக்கும் போதும்." அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு வேற. அஞ்சாறு மாசம் கழிச்சு சோக் திருகுற சாவி வளையும், சோக் வராது. அப்போ அந்தக் கும்பிடு போட்டவங்க வந்து கழட்டித் தருவாங்களா?

கோட்டை அகழி:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டு, மறைச்சுப் பேசறது இன்னா மரியாதை? சோக் மரை ரொம்ப மெல்லிசு. சும்மா சும்மா கழட்டி மாட்டினா ஒரு நாள் கோணலா ஏறும், அதோட பாரல் வாய் போச்சு. எண்ணெய் தானா இறங்கும். ரெண்டு சொட்டு.

புது லைசென்ஸ்:
சோக்னா குழல் வாய் குறுகுறதைச் சொல்றீங்களா, உள்ளே திருகுற அந்தக் குட்டிக் குழாயைச் சொல்றீங்களா?

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
"தானா இறங்கும்." எங்க ஐயா இறங்கும்? திருகுற சோக் ட்யூப் விளிம்பு பாரல் வாயோட சமமா உக்காந்திருக்கு. இடுக்குல போறது துளி, மிச்சமெல்லாம் பாரல் உள்ளே வழியும். துப்பாக்கியை நிமித்தி வச்சா அடிக்கு இறங்கி, பிடிக்கிற மரக்கட்டைத் தலையில ஊறும். எண்ணெய் குடிச்ச கட்டை கறுத்து, பொதபொதன்னு ஆகி, இரும்போட சேர்ற இடத்துல விரிசல் விடும். மரைக்கு விட்ட மருந்து கட்டைக்குப் போகுது!

புதுசுல கண்டிப்பா கழட்டணும். முதல்ல மடக்கித் திறந்து தோட்டா போடற ரெண்டு அறையும் காலின்னு கண்ணால பாரு, விரலை விட்டும் பாரு. பாரலைத் தனியாப் பிரி. சாவிப் பல்லு ட்யூப் விளிம்பு வெட்டுல முழுசா உக்காரணும், அரைகுறையா உக்காந்தா வெட்டு முனை மழுங்கிடும். வாயை நேராப் பார்த்து இடஞ்சுழியாத் திருகு. முதல்ல வலது, அதைத் துடைச்சு மாட்டின பிறகுதான் இடது. ரெண்டையும் ஒண்ணா மேஜையில போட்டா மாத்தி மாட்டுவே. வழக்கமா வலது திறப்பு, அதாவது வாய் அகலம்; இடது இறுக்கம், வாய் குறுகல். பல கம்பெனி ட்யூப்ல விளிம்புல ஒரு வெட்டுன்னா ஃபுல், அதாவது ரொம்பக் குறுகல். வெட்டு கூடக்கூட வாய் அகலம். கம்பெனி தடவின காப்பு கிரீஸ் காஞ்சு மெழுகாட்டம் இருக்கும். மண்ணெண்ணெய்ல பழைய பல் பிரஷ் போட்டு, பாரல் பக்க மரையையும் சேர்த்துத் தேய். வெள்ளைத் துணி கறுக்காம வர்ற வரைக்கும் தேய். காஞ்சதும் காப்பர் கிரீஸ் நெல்லு மணி அளவு, மரையில மட்டும். விரலாலயே கடைசி வரை இறங்கணும், சாவி சும்மா கடைசி இறுக்குக்கு. 25 தோட்டா போனா ஒரு தடவை விரலால தொட்டுப் பாரு, தளர்ந்திருக்கும்.

கோட்டை அகழி:
கிரீஸ் மண்ணைப் பிடிக்கும். பாலாத்து மணல் ஒரு துணுக்கு போதும், மரை அரம் மாதிரி அறுத்துடும். எண்ணெய் மண்ணை அவ்வளவா வச்சுக்காது. பழைய குழல்ல சோக் பாரல்லயே கடைஞ்சு வந்தது, கழட்ட ஒண்ணும் கிடையாது. அதுக்கெல்லாம் யார் காப்பர் கிரீஸ் போட்டது?

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
மரையே இல்லாத துப்பாக்கிக்கு யாரும் மரை கிரீஸ் போடல ஐயா. நியாயம்தான்.

ஆம்பூரான்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. தோல் உறையிலயே போட்டு வச்சா எந்த எண்ணெயும் நிக்காது. தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பதனிட்ட உப்பும் ரசாயனமும் அதுலயே இருக்கும். உறை எடுத்துட்டுப் போறதுக்கு, வைக்கிறதுக்கு இல்ல. தோல் விஷயம் வேலூர்க்காரங்களுக்கு நாங்கதான் சொல்லணும்.

கோட்டை அகழி:
ஆம்பூரே வேலூரா இருந்த ஊருதான்.

ஆம்பூரான்:
2019ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம். காலண்டரைக் கிழிங்க.

கோட்டை அகழி:
எனக்கு எல்லாமே வட ஆற்காடுதான். 1989ல பிரிச்சதையே நான் ஒத்துக்கல.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
மாவட்டத்தை அப்புறம் பிரிங்க, சோக்கைப் பிரிச்சு முடிக்கல. மே மாசம் இங்க 40 டிகிரி தாண்டும். அந்தச் சூட்டுல மெல்லிசு எண்ணெய் மரையில நிக்கவே நிக்காது. அதுமேல சுடற கரியும் தோட்டாக்குள்ள ரவையைத் தாங்கற பிளாஸ்டிக் வாட் உருகின பிசினும் ஏறும். அதுதான் பூட்டிக்கிறது. காப்பர் துகள் நடுவுல இருந்தா இரும்பும் இரும்பும் ஒண்ணையொண்ணு கடிக்காது. ஆனா அள்ளிப் பூசாதே. ட்யூப் பின்பக்க முனை பாரல் உள்படியில பொருந்தணும். அங்க கிரீஸ் கட்டியா நின்னா ட்யூப் முழுசா உக்காராது, இடுக்குல புகை புகுந்து ட்யூப் வீங்கும்.

கோட்டை அகழி:
பார்த்தியா, கிரீஸால வீங்கும்னு நீயே சொல்ட்டே. எண்ணெய்க்கு அந்த வம்பே இல்ல.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
நெல்லு மணி அளவுன்னேன். உள்ளங்கை அளவுன்னு படிச்சிருக்கீங்க.

ஏலகிரி காத்து:
ஏற்கனவே பூட்டிக்கிச்சுன்னா? கேஸ் டார்ச்ல வாயைச் சூடு பண்ணா வந்துடும்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
அடப்பாவி. டார்ச்சைக் கீழ வை! இரட்டைக்குழல்ல ரெண்டு பாரலும் நடுவுல ஓடற பட்டை, அதான் ரிப், அதுவும் பெரும்பாலும் ஈயப்பத்து. 200 டிகிரி கிட்ட போனா உருகி, ரிப் எழும்பி, பாரல் ரெண்டும் தனித்தனியாகும். ஒரு சோக்குக்காக முழுத் துப்பாக்கி. WD-40 மாதிரி ஊடுருவுற எண்ணெயை வாயில விட்டு ஒரு நாள் ஊற வை. பிறகு கொதிநீர்ல முக்கின துணியை வாய்க்கு வெளியே சுத்து, ட்யூப் உள்ளே ஐஸ். மரை விட்டம் 21 மி.மீ.னு வச்சுக்கோ, 60 டிகிரி வித்தியாசத்துக்கு விரியறது 0.015 மி.மீ. தலைமுடியில கால்வாசி கூட இல்ல. ஆனா கரி விட்டுக்கொடுக்க அது போதும். அப்பவும் வரலன்னா கம்மியருகிட்ட கொண்டு போ. பிளையர் போட்டா ட்யூப் முட்டை வடிவமாகும், பிறகு கடைஞ்சுதான் எடுக்கணும். ட்யூப் இல்லாம மட்டும் சுட்டுடாதே, வெறும் மரையில ஈயமும் பிளாஸ்டிக்கும் அப்பிக்கும்.

கோட்டை அகழி:
ஊடுருவுற எண்ணெயாம்! கடைசியில எண்ணெய்கிட்டதானே வந்தே தம்பி?

பாலாத்தங்கரை:
ஐயா, அது கழட்டறதுக்கு. நீங்க சொன்னது கழட்டாம இருக்கறதுக்கு.

கோட்டை அகழி:
எண்ணெய் எண்ணெய்தான்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
சரி, தேர்தல் வந்து துப்பாக்கியை ஒப்படைக்கறீங்க. ரெண்டு மாசம் எங்கயோ மூலையில நிக்கும். அப்போ மாசாமாசம் ரெண்டு சொட்டு யார் விடுவா, காவலுக்கு நிக்கிற ஏட்டா?

கோட்டை அகழி:
குடுக்கும்போதே நாலு சொட்டா விட்டுக் குடுப்பேன்.

ஆம்பூரான்:
தோல் உறையோட குடுக்காதீங்க.

புது லைசென்ஸ்:
இன்னும் ஒருத்தரும் சொல்லல. குறுகலா, குட்டிக் குழாயா?