புதுப்பிப்பு: மதுரை–போடி பாதையும் உசிலம்பட்டி நிலையமும்

உசிலம்பட்டி ரயில் நிலையத்தைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய இழையில், 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் பாதையில் 2010 இறுதிவரை ரயில் இடைவிடாமல் ஓடியதாகக் குறிப்பிட்டிருந்தேன். அது பிழை.

இரண்டாம் உலகப் போரின்போது இரும்புத் தேவைக்காக இந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றுவிட்டார்கள். 1950-களில்தான் மறுபடி பாதை போட்டு ரயில் விட்டார்கள். பிழையைச் சுட்டிக்காட்டியவர் என் பெரியப்பா. எங்கள் ஊர்ப் பள்ளியில் மணிக்குப் பதிலாக வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த முழ நீளத் தண்டவாளத் துண்டை, 2010-க்குப் பிறகு நடந்த அகலப் பாதைப் பணியில் கழித்துப் போட்டதென்று நான் எழுதியிருந்தேன். "நான் அஞ்சாப்பு படிக்கையிலேயே அதைத்தானப்பா தட்டுனாங்க" என்றார். அப்படியானால் அது போர்க்காலத்தில் பெயர்த்த தண்டவாளத்தின் துண்டாகத்தான் இருக்க வேண்டும். தட்டித் தட்டி நடுவில் குழி விழுந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிற்காலச் செய்தி அனைவரும் அறிந்ததே. 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக்க நிறுத்திய ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மீண்டும் வந்தது. சுமார் 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் மதுரைக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் பேருந்துக்குப் பழகிவிட்டார்கள்.

பழைய இழையிலும் ஆண்டுகளைத் திருத்திவிட்டேன்.