கண்ணை மூடினா அந்தக் குரல்தான் பெருசா கேட்குது

நாலாம் வகுப்பு டீச்சர்:
வயசு 38. மனச்சோர்வு வந்து தேறினது இது மூணாவது தடவை. ஏழு மாச லீவுக்குப் பிறகு ஜூன்ல ஸ்கூலுக்குத் திரும்பினேன். தூக்கம், பசி எல்லாம் சரியாயிருச்சு. ஆனா பீரோ கண்ணாடி மேல இன்னும் பழைய சேலை ஒண்ணு போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன். உடம்பு போட்டு ஜாக்கெட்டெல்லாம் தையல் பிரிச்சாச்சு, அதுகூடப் பரவால்ல. சாக்பீஸ் எடுத்ததும் "நீயெல்லாம் ஒரு டீச்சரா"னு உள்ளுக்குள்ள ஒரு குரல். டாக்டர் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்கு அனுப்பினார். உடம்புலயும் மனசுலயும் அந்த நேரம் என்ன நடக்குதுன்னு திட்டாம கவனிக்கிற பயிற்சி அது. ரெண்டு வாரம் ஆச்சு. கண்ணை மூடினா அதே குரல் இன்னும் சத்தமா கேட்குது. எனக்கு இது ஒத்துவராதா?

ஈரோடு அக்கா:
எனக்கும் அப்படித்தான் இருந்துச்சும்மா. முதல் நாள் உள்ளங்கையில ஒரே ஒரு உலர்திராட்சை கொடுத்து, அதைப் பாரு, மோந்து பாரு, மெதுவா மெல்லுன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அடுத்து பாயில படுத்து, கால் விரல்ல இருந்து ஒவ்வொரு இடமா கவனிக்கணும். வயித்துக்கு வந்ததும் சிசேரியன் தழும்பு. பதினோரு வருஷமா அதைத் திட்டாம நான் தொட்டதே இல்ல. அன்னைக்கு அங்க லேசான சூடு மட்டும் தெரிஞ்சுது.

ஆறாவது வாரம்தான் எனக்குப் பிடி கிடைச்சுது. நோட்டுல "நான் உதவாக்கரை"ன்னு எழுதினேன். பக்கத்துல "னு ஒரு நெனப்பு வந்துச்சு" சேர்த்தேன். அந்த "னு" சேர்ந்ததும் அது தீர்ப்பா தெரியல, வந்துட்டுப் போற ஒண்ணா தெரிஞ்சுது. இப்பவும் தோசை தீஞ்சா வரும். வரட்டும்.

மனநல ஆலோசகர்:
சகோதரி, ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் இந்த எட்டு வார முறையை உருவாக்கியதே, தேறியவர்களுக்கு நோய் திரும்பாமல் காக்கத்தான். 2000-இல் வந்த அவர்களது ஆய்வில், மூன்று தடவைக்குக் குறையாமல் நோய் வந்துபோனவர்களுக்கே பலன் தெரிந்தது. 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 424 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். இந்தப் பயிற்சியோடு மாத்திரையை மெல்லக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. கிட்டத்தட்ட சமம். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

குரல் தாங்க முடியாமல் போனால் கண்ணைத் திறந்துவிடுங்கள். பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். பயிற்சி தருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போக வேண்டியதில்லை. சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் உடனே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், 14416. இரவிலும் எடுப்பார்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
அக்கா, இன்னைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப அது வந்துச்சு. மனசுக்குள்ள "னு" சேர்த்தேன். அடுத்த பேரைக் கூப்பிட முடிஞ்சுது. சேலையை இன்னும் எடுக்கல. பொட்டு வெக்கிற அளவுக்கு ஒரு ஓரத்தை மட்டும் மடிச்சு விட்டிருக்கேன்.