முதல் டிராஃப்டை வேகமாக எழுதி முடிப்பது எப்படி?

புதுப்பேனா:
அரை மணி நேரத் தொடருக்கு முதல் எபிசோட் எழுதிக்கிட்டிருக்கேன். விளம்பரம் போக 22 நிமிஷம் ஓடணும். ஒன்லைன் (கதைச் சுருக்கம்) ரெடி, பாத்திரங்கள் ரெடி. ஆனா மூணாவது சீனைத் தாண்ட முடியல. தினமும் உட்கார்ந்து நேத்து எழுதின வசனத்தையே திருத்திக்கிட்டிருக்கேன். தொடர் எழுதுறவங்க நாள் கணக்குல முடிக்கிறாங்களே, எப்படி? அவசரமா எழுதினா தரம் போயிடாதா?

சீன்நோட்டு:
பக்கக் கணக்கை முதல்ல சரி பண்ணிக்குங்க. ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம் திரையில ஒரு நிமிஷம்ங்கறது, கூரியர்ங்கற எழுத்துருவுல 12 புள்ளி அளவுல ஆங்கிலத்துல டைப் பண்றவங்களுக்கான தோராயக் கணக்கு. தமிழ் எழுத்துருவுக்கு அது அப்படியே பொருந்தாது. ஒரு சீனை வாய்விட்டுப் படிச்சு, நடிக்கிற இடத்துக்கு நேரம் விட்டு, கடிகாரத்தைப் பாருங்க. உங்க பக்கம் எத்தனை விநாடின்னு தெரிஞ்சுடும். மென்பொருள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வெறும் நோட்பேட் போதும்.

வசனக்காரி:
ஒன்லைன்லேருந்து நேரா வசனத்துக்குத் தாவினா யாரா இருந்தாலும் மூணாவது சீன்ல நிப்பாங்க. நடுவுல சீன் ஆர்டர், அதாவது சீன்களோட வரிசைப் பட்டியல், போட்டீங்களா? நான் போடுறது சீனுக்கு மூணு வரி. யார் என்ன வேணும்னு உள்ளே வர்றாங்க, யார் குறுக்கே நிக்கிறாங்க, வெளியே போகும்போது என்ன மாறியிருக்கு. மூணாவது வரிக்குப் பதில் இல்லேன்னா அந்த சீனையே தூக்கிடுவேன். இதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அவசரப்பட வேண்டியதில்ல. வேகம் எடுக்க வேண்டியது இதுக்கு அப்புறம்தான்.

அப்புறம் மேலே போய்ப் படிக்கவே கூடாது. வராத வசனத்தை அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டு நகர்ந்துடணும். நான் எழுதின ஒரு சீன் முதல்ல இப்படித்தான் இருந்தது:

உள் – அப்பா அறை – பகல்
மகள் அலமாரியில் சான்றிதழ் தேடுகிறாள். வீட்டு விற்பனைப் பத்திரம் கையில் கிடைக்கிறது. அப்பா வருகிறார்.
மகள்: இது என்னப்பா?
அப்பா: [பேச்சை மாத்துறார்]
மகள்: வீட்டை வித்துட்டீங்களா?
அப்பா: [பொய், பாதி உண்மை கலந்தது]
மகள் பத்திரத்தை இருந்த இடத்திலேயே வைக்கிறாள். ##பத்திரத்துல என்ன எழுதியிருக்கும்? கேட்கணும்##

இதை அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். ஒன்பதாவது சீன் எழுதும்போதுதான் ஒண்ணு புரிஞ்சது. மகள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிச்சது அப்பாவுக்கு முன்னாடியே தெரியும். திரும்பி வந்து அந்த முதல் அடைப்புக்குறியை எடுத்துட்டு, "சான்றிதழ் கீழ்த்தட்டுல இருக்கும்மா"ன்னு எழுதினேன். அவ கேட்டதுக்குப் பதிலும் சொல்லல, அவ எதைத் தேடுறான்னு தனக்குத் தெரியும்னும் காட்டிட்டார். பழைய சீனையே செதுக்கிக்கிட்டு இருந்திருந்தா அந்த வரி எனக்குக் கிடைச்சிருக்க வழியே இல்ல. தரம் போயிடுமான்னு கேட்டீங்களே, முன்னாடி சீனுக்கான நல்ல வரி பல தடவை பின்னாடி சீன்லதான் உட்கார்ந்திருக்கு. அங்கே சீக்கிரம் போய்ச் சேரணும்.

இடத்தோட பேரு, சட்ட விஷயம், மருத்துவ விஷயம் எல்லாத்துக்கும் ## போட்டு வைங்க. கடைசியில அந்தக் குறியைத் தேடினா மொத்தமும் ஒரே இடத்துல அகப்படும். எழுதும்போது எதையாவது தேட இணையத்தைத் திறந்தீங்கன்னா அன்னிக்கு எழுத்து அவ்வளவுதான்.

கடைசிஷாட்:
நான் வரிசையா எழுத மாட்டேன். எபிசோட் முடியிறப்போ உறைஞ்சு நிக்கிற ஃப்ரீஸ் காட்சி, ஒவ்வொரு விளம்பர பிரேக்குக்கும் முந்தின சீன், இதெல்லாம் முதல்ல. எங்கே போய் நிக்கணும்னு தெரிஞ்சா நடுவுல இருக்கிறது தானா வரும்.

வசனக்காரி:
துப்பறியும் கதைக்கு அது சரி, அங்கே முடிச்சு நகரக் கூடாது. குடும்பக் கதையில முடிவை முழு வசனத்தோட முன்னாடியே எழுதிட்டா, அதுக்காகப் பாத்திரங்களை இழுத்துக்கிட்டுப் போக வேண்டி வரும். பிரேக்ல என்ன நடக்குதுன்னு ஒரு வரி வச்சுக்கிட்டாலே போதும்ங்கறது என் கருத்து.

புதுப்பேனா:
நன்றி அக்கா. ஒரு சந்தேகம். எனக்கு ஆள் பேசினாத்தான் பிடிபடும். வசனத்தை அடைப்புக்குறிக்குள்ள விட்டா எல்லாரும் ஒரே மாதிரி ஆயிடுறாங்க. இன்னொண்ணு, பாதியில ஒரு பாத்திரத்தையே மாத்தணும்னு தோணினா?

வசனக்காரி:
அப்போ பேச விடுங்க தம்பி. போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு ரெண்டு பேராவும் நீங்களே பேசுங்க. சண்டைன்னா எழுந்து நின்னு பேசுங்க. அப்புறம் காதுல கேட்டு அப்படியே டைப் பண்ணுங்க. 'ம்', 'அது வந்து' எல்லாம் இருக்கட்டும். யாரு வாக்கியத்தை முடிக்காம விடுறா, யாரு கேள்விக்குக் கேள்வியே கேக்குறான்னு அதுல காதுக்குத் தெரியும். வாய்லயும் வராத வரிக்கு மட்டும் அடைப்புக்குறி.

பாத்திரத்தை மாத்தணும்னா, மேலே போய் மாத்தாதீங்க. தனித் தாள்ல "ஆறாவது சீன்லேருந்து அண்ணன் இல்ல, அக்கா"ன்னு குறிச்சுட்டு, ஆரம்பத்துலேருந்தே அக்காதான்னு நினைச்சுக்கிட்டு ஏழாவது சீனுக்குப் போங்க. பத்தாவது சீன்ல மறுபடி அண்ணனே சரின்னு தோணலாம், அப்படியும் நடக்கும். முதல் அஞ்சு சீனைத் தொடாம வச்சிருந்தா அப்போ அதுல எதையும் மாத்த வேண்டியிருக்காது.

மூணாவது சீனோட அந்த மூணு வரியை இங்கே போடுங்க, பார்க்கலாம்.