பாடமே நடத்தாத வாத்தியார் சிட்காம்: பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: மாட்டுங்கா மீனா

'ஏ.பி. பயோ' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி ஒரு சந்தேகம். ஜாக் கிரிஃபின் ஹார்வர்டில் தத்துவம் நடத்தியவன். ஸ்டான்ஃபோர்டு பதவியை மைல்ஸ் என்ற போட்டியாளனிடம் பறிகொடுத்துவிட்டு, சொந்த ஊரான டொலீடோவுக்குத் திரும்பிப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் ஆகிறான். உயிரியல் நடத்த மாட்டேன், எல்லாருக்கும் ஏ கிரேடு போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மைல்ஸைப் பழிவாங்க மாணவர்களையே வேலை வாங்குகிறான்.

எங்கள் நாடகக் குழுவில் இதைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்களோ இரண்டாவது எபிசோடோடு எழுந்துவிட்டார்கள். இந்தச் சாயலில், மும்பை கோச்சிங் கிளாஸைக் களமாக வைத்து, யூடியூபுக்கு 22 நிமிடத்தில் ஒரு தமிழ் பைலட் (தொடரின் முதல் எபிசோடு) எழுத நினைக்கிறோம். இரண்டு கட்சியும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் கதையில் எதை மாற்ற வேண்டும்? படப்பிடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: செம்பூர் செல்வம்

மீனா, கோபப்பட்டவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் ஏ.பி. என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடம். ஆசிரியர் போடும் கிரேடு வேறு, மே மாதம் வெளியிலிருந்து வைக்கப்படும் தேர்வு வேறு. உயிரியலுக்கு மூன்று மணி நேரம், 60 கொள்குறி வினா, 6 எழுத்து வினா, முடிவு 1 முதல் 5 வரை ஒரு எண். ஜாக் தாராளமாக அள்ளித் தரும் ஏ கிரேடு அந்தத் தேர்வில் செல்லாது. ஆனாலும் அந்தத் தேர்வு போனால் அங்கே வாழ்க்கை போய்விடாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அதே பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். அதனால் அமெரிக்கப் பார்வையாளரால் பதறாமல் சிரிக்க முடிகிறது.

இங்கே கணக்கே வேறு. நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். "உயிரியல் நடத்த மாட்டேன்" என்று ஒரு வாத்தியார் சொன்னால், நீட்டுக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற அம்மாவுக்குப் பாதி மார்க் பறிபோகிறது என்றுதான் காதில் விழும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல ஜோக் எழுதினாலும் எடுபடாது.

ஆகவே முதல் வேலை, நீட், ஜே.இ.இ., மகாராஷ்டிரத்தின் எம்.எச்.டி. சி.இ.டி. என்று மூன்று நுழைவுத் தேர்வுகளையும் வகுப்பறையிலிருந்து வெளியே எடுங்கள். அதே கோச்சிங் கட்டடத்தில், அதே மாடிப்படி, அதே காற்றில்லாத அறை, ஆனால் பாடம் மட்டும் ஸ்போக்கன் இங்கிலீஷ் அல்லது 'ஆளுமை வளர்ச்சி' என்று வையுங்கள். போர்டு தேர்வுக்குச் சம்பந்தமில்லாத வகுப்பு என்றால் வாத்தியார் சோம்பேறித்தனம் செய்தாலும் யாருக்கும் வயிறு எரியாது. பக்கத்து அறையில் நீட் பேட்ச் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கட்டும். அந்த வித்தியாசத்திலேயே நகைச்சுவை இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றதும் கை தானாக உச்சரிப்புக் கேலிக்குப் போகும். 1977இல் பிரிட்டனில் தொடங்கிய ஆங்கில வகுப்புத் தொடர் 'மைண்ட் யுவர் லாங்க்வேஜ்', அதைப் பின்பற்றி 1993இல் இந்தியில் வந்த 'ஜபான் சம்பால்கே' இரண்டிலும் வாத்தியார் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவர், சிரிப்பெல்லாம் மாணவர்களின் பேச்சில். பிரிட்டிஷ் தொடரை இனக் கேலி என்று பலர் கண்டித்தார்கள். உங்கள் கதையில் தப்பு வாத்தியாருடையது. சிரிப்பும் அவர் மேலேயே விழ வேண்டும்.

பதில் 2: டோம்பிவிலி தேன்மொழி

செல்வம் அண்ணா சொன்ன மார்க் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா பாடத்தை மாத்தினா மட்டும் போதாது, வாத்தியார் எந்த விதத்துல மோசம்னு முதல்ல முடிவு பண்ணணும்.

பி.பி.சி. த்ரீயில 2012ல ஆரம்பிச்ச 'பேட் எஜுகேஷன்'ல ஆல்ஃபி விக்கர்ஸ் வரலாற்று வாத்தியார். அவனுக்குப் பாடம் நடத்தவே தெரியாது, ஆனா பிள்ளைங்க மேல உயிரு. அதனால அவன் என்ன கூத்தடிச்சாலும் மன்னிச்சுடுவோம். 'பேட் டீச்சர்'னு 2014ல அமெரிக்காவுல சி.பி.எஸ். சேனல் ஒரு தொடர் போட்டுது. அதுல வர்ற பொண்ணு பணக்கார மாப்பிள்ளை தேடித்தான் வாத்தியார் வேஷமே போடறா. 13 எபிசோட் எடுத்து வெச்சும், மூணு ஒளிபரப்பானதுமே ரத்து பண்ணிட்டாங்க. ஜாக் இந்த ரெண்டுலயும் சேரமாட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும், மனசுதான் இல்லை. எழுதறதுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான வகை. தெரியாதவனைப் பார்த்தா பாவம்னு தோணும், தெரிஞ்சும் செய்யாதவனைப் பார்த்தா ஆத்திரம்தான் வரும்.

அந்த ஆத்திரத்தை 'ஏ.பி. பயோ' எப்படிச் சமாளிக்குதுன்னு பாருங்க. வகுப்புல சரிகான்னு ஒரு பொண்ணு, படிப்புல கெட்டி. அவ சும்மா வாயை மூடிட்டு உட்காரல, எதிர்த்துக் கேக்கறா. ஜாக் போடற திட்டமெல்லாம் அவன் திமிராலயே கவுந்து போகுது. இந்த ரெண்டையும் எடுத்துட்டா மிச்சம் ஒண்ணும் இருக்காது. ஆரம்பத்துல கலவையான விமர்சனம் வாங்கின தொடர் இது. மைல்ஸ் கதை பின்னாடி போய், ஆசிரியர் அறையும் தலைமையாசிரியர் டர்பினும் முன்னாடி வந்த பிறகுதான் நிறைய பேருக்குப் பிடிச்சுது. ஒளிபரப்பின என்.பி.சி. சேனல் 2019ல நிறுத்தியும், ரசிகர்கள் குரல் கொடுத்ததால பீகாக் ஓ.டி.டி. தளத்துல இன்னும் ரெண்டு சீசன் வந்துது. நீங்க சொன்ன பெத்தவங்க இரண்டாவது எபிசோடோட எழுந்தது வியப்பே இல்லை.

ஆனா ஒண்ணு, வாத்தியாரைக் கடைசி நிமிஷத்துல திருந்த வெச்சுக் கண்ணீர் விட வைக்காதீங்க. பைலட்லயே திருந்திட்டா இரண்டாவது எபிசோடுக்குக் கதை ஏது?

பதில் 3: கேமரா கதிர், அந்தேரி

படப்பிடிப்பு பற்றிச் சொல்கிறேன். வகுப்பறைக் காட்சி எளிதாகத் தெரியும். உண்மையில் நேரத்தை விழுங்குவது அதுதான்.

முதலில் நடிகர்கள் வயது. 14 வயதுக்குக் கீழ் பிள்ளைகளை நடிக்கவைத்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். யூடியூப்தானே என்று இதில் அலட்சியம் வேண்டாம். பதினோராம் வகுப்பு மாணவராகக் காட்ட, 18, 19 வயதுக் கல்லூரிப் பிள்ளைகளை எடுத்தால் இந்த வேலை மொத்தமும் மிச்சம்.

வகுப்பில் 30 பேர் தேவையில்லை. வசனம் பேச ஐந்து பேர், முதுகும் தோளும் காட்ட ஏழெட்டுப் பேர் போதும். பெஞ்சுகளைச் சதுரமாக அடுக்காமல் கேமரா பக்கம் நெருக்கி, பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டால் அறை நிறைந்து தெரியும்.

மாணவர்கள் பக்கத்து ஷாட்டுகளை முதலில் முடித்துவிடுங்கள். வாத்தியாரை முதலில் எடுத்தால், மாணவர்கள் சிரிக்க வேண்டிய நேரத்தில் அதே ஜோக்கைப் பத்தாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், முகம் செத்துப்போயிருக்கும். இந்த வகைக் கதையில் அந்த முகங்கள்தான் முக்கியம். வாத்தியார் ஒன்றைச் சொன்னதும் ஒரு மாணவியின் முகத்துக்கு இரண்டு வினாடி வெட்டினால், அவர் சொன்னது தப்பு என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் படமே வாத்தியார் பக்கம் பேசுவதாகத் தோன்றும். நீங்கள் சொன்ன பெற்றோர்களைக் கோபப்படுத்துவது பாதி இதுதான். கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரை நீளமாக ஒரு கற்பனைக் கோடு வைத்து, கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தாண்டினால் வாத்தியாரும் மாணவரும் ஒரே திசையில் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

ஒலி விஷயத்தில் மும்பை கருணையே காட்டாது. மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் டேக்கின்போது நிறுத்துங்கள். ரயில் பாதையை ஒட்டிய கட்டடம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் 30 வினாடி வெறும் ஒலியைப் பதிவு செய்துகொண்டால், எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஓட்டை விழாது. செயற்கைச் சிரிப்பொலி சேர்க்காதீர்கள். எதற்குச் சிரிப்பது என்று பார்ப்பவர்களே தீர்மானிக்கட்டும்.

மாட்டுங்கா மீனா

மூவருக்கும் நன்றி. பாடத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று மாற்றிவிட்டோம். தேன்மொழி, மாணவர்களுக்கு எதிர்த்துக் கேட்கிற பலம் வேண்டும் என்றீர்களே, அதை முதல் இரண்டு நிமிடத்திலேயே காட்ட வழி இருக்கிறதா? வசனமாக எழுதினால் பிரசங்கம் ஆகிவிடுகிறது.

பதில் 4: டோம்பிவிலி தேன்மொழி

வசனமே வேண்டாம் அக்கா, ஒரு பொருளைக் கையில குடுங்க. வருஷ ஃபீஸ் 1,20,000 ரூபாய், மொத்தம் 300 மணி நேர வகுப்புன்னு வெச்சுக்கோங்க. மணிக்கு 400 ரூபாய். வாத்தியார் போனை நோண்டிக்கிட்டு 45 நிமிஷத்தை ஓட்டறார். பெல் அடிச்சதும் முன் பெஞ்சுப் பொண்ணு நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு அவர் மேசை மேல வெக்கறா: '45 நிமிடம், 300 ரூபாய், பாக்கி'. அவ்வளவுதான், டைட்டில் போடுங்க. அந்த பாக்கி ஒவ்வொரு எபிசோட்லயும் ஏறட்டும். அவர் தப்பித் தவறி உருப்படியா ஒண்ணு சொல்லிக்குடுத்தா கொஞ்சம் கழிச்சுக்கட்டும். பெத்தவங்க மனசுல ஓடற அதே கணக்கு திரையிலயும் ஓடும்போது அவங்களும் நிம்மதியா சிரிப்பாங்க. அவர் திருந்தறாரா இல்லையான்னும் நீங்க சொல்ல வேண்டியதில்லை, தாள்ல இருக்கற எண்ணே காட்டிடும்.

பதில் 5: செம்பூர் செல்வம்

பிரமாதம் தேன்மொழி, இதையே வைத்துக்கொள்ளுங்கள் மீனா.

அளவு மட்டும் சொல்கிறேன். டைட்டிலுக்கு முன் 2 நிமிடம், பிறகு ஆறேழு நிமிடமாக மூன்று பகுதி. வகுப்பறைக் கதை ஒன்று, ஆசிரியர் அறைக் கதை ஒன்று, அதற்கு மேல் மூன்றாவது வேண்டாம். எழுதி முடித்ததும் எழுந்துபோன அந்தப் பெற்றோரில் நாலைந்து பேரை உட்காரவைத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 24 நிமிடத்தைத் தாண்டினால் ஆசிரியர் அறைக் கதையில் வெட்டுங்கள், அந்தப் பொண்ணோட காட்சிகளில் கைவைக்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் நெளிகிறார்களோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, மறுநாள் அதை மட்டும் திருத்துங்கள்.