இரணைமடுக் குளத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் ‘டாங்க்’?

கிளிநொச்சியான்:
கனடாவில் இருந்து வந்த அக்காவின் மகனை நேற்று இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் ‘இரணைமடு டாங்க்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பெடியன் அதை வாசித்துவிட்டு, “டாங்க் எங்க மாமா?” என்று குளக்கட்டு முழுக்கத் தேடினான். அவனுக்கு டாங்க் என்றால் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, இல்லாவிட்டால் சண்டை வாகனம். குளத்துக்கு ஏன் இந்தச் சொல்? எனக்குப் பதில் வரவில்லை.

அலைகரை:
தம்பி, நான் முப்பது வருசம் குளத்தின் துருசு, அதாவது தண்ணீர் விடும் மதகு, திறந்து பூட்டியவன். எங்கள் பதிவேட்டிலும் டாங்க்தான். மருமகன் சொல்லுகிற பொருளெல்லாம் பிந்தியது, குளம்தான் மூத்தது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு ‘டாங்கே’ மாதிரி ஒரு சொல் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த வெள்ளைக்காரர் அங்கேதான் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள். போர்த்துக்கேயரிடமும் இதே ஒலியில் ஒரு சொல் இருந்தது. தண்ணீரை மறித்துத் தேக்குவது என்ற வினையில் பிறந்தது அது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டன, இரண்டு மடு சேர்ந்து இரணைமடு ஆன மாதிரி.

கிளிநொச்சியான்:
அப்போ ‘லேக்’ என்று எழுதினால் பிழையா ஐயா?

அலைகரை:
லேக் தானாய் உண்டானது. இது கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டுப்போட்டுத் தேக்கியது. மண் சுமந்த சனத்தின் உழைப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது தம்பி, அதை விட்டுவிட வேண்டாம்.

வவுனிக்குளத்தாள்:
சண்டை வாகனத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அதை இரகசியமாய்ச் செய்தபோது, தண்ணீர்த் தாங்கி செய்வதாக வெளியில் காட்டிக்கொண்டார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் முதன்முதல் இறக்கினார்கள். மறைப்புப் பெயரே நிலைத்துவிட்டது.

நாங்களும் இரண்டுக்கும் தாங்கி என்கிறோம். சுமைதாங்கி மாதிரி ஒலிப்பதால் வெளிச்சொல்லின் சாயல் என்றே தெரிவதில்லை. ஆனால் என் அம்மா அதை எப்போதும் ‘யுத்தத் தாங்கி’ என்று முழுதாய்த்தான் சொல்வார். வெறும் ‘தாங்கி’ அவருக்கு முற்றத்தில் நிற்கிற தண்ணீர்த் தாங்கி மட்டும்.

கிளிநொச்சியான்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. பெடியனுக்கு எல்லாம் சொன்னேன். இன்று திரும்பவும் போக வேண்டும் என்று நின்றான். துருசடியில் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்குவதைப் படமெடுத்து, ‘டாங்க்’ என்று எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதித் தாய்க்கு அனுப்பப் போனான். ‘குலம்’ என்று இருந்தது. ளகரம் போடச் சொன்னேன்.