சிங்கப்பூர் கப்பல் பயணம்: யுனிவர்சல் ஸ்டுடியோஸ் முன்னாடியா, பின்னாடியா?

மார்த்தாண்டம்_மருமகள்:
மே மாசம் சிங்கப்பூர்ல இருந்து மூணு ராத்திரி கப்பல் புக் பண்ணியாச்சு. நாங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க ரெண்டு, மாமியார். திருவனந்தபுரத்துல ராத்திரி விமானம், விடியக்காலம் இறங்கி அன்னைக்கு மத்தியானமே கப்பல் ஏறணும். யுனிவர்சல் பார்க்கைக் கப்பல் விட்டு இறங்குற நாளுக்கு வச்சிருக்கோம், அன்னைக்கு ராத்திரியே ஊருக்கு விமானம். ஓட்டல் செலவே இல்லன்னு வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். இது நடக்குமா? சின்னவன் 110 சென்டிமீட்டர், பார்க்குல எந்த ரைடுல ஏத்துவாங்க? மாமியாருக்கு முட்டுவலி வேற.

குளச்சல்காரன்:
அக்கா, கப்பல்ல ஹவுஸ்கீப்பிங் வேலை பாத்தவன் சொல்லுகேன். விமான டிக்கெட்டை மாத்த முடிஞ்சா ரெண்டு நாள் முன்னாடி போங்க. பார்க் முதல்ல, கப்பல் அப்புறம். விமானம் லேட்டானா பார்க்குதான் போகும். கப்பல் யாருக்காகவும் நிக்காது. டிக்கெட்டுல இருக்கிற நேரம் கப்பல் கிளம்புற நேரம். செக்-இன் கவுண்டரை அதுக்கு ரொம்ப முன்னாடியே மூடிருவாங்க. பெட்டியை இழுத்துட்டு ஓடி வந்து, கப்பல் எதிர்ல நிக்க நிக்க, ஏற முடியாம அழுத குடும்பத்தைப் பாத்திருக்கேன்.

கப்பல் ஏறுற இடம் அங்க ரெண்டு. ஹார்பர்ஃபிரண்ட்னு போட்டிருந்தா உங்களுக்கு யோகம்: பக்கத்துல விவோசிட்டி மால், அதுல மூணாவது மாடியில பார்க் இருக்கிற செந்தோசா தீவுக்கு ரயில். மரினா பேன்னா அது வேற மூலை, அங்க டாக்ஸிதான் லேசு.

கவுண்டர்ல குடுக்கிற பெட்டி கேபினுக்கு வர சாயங்காலம் ஆயிரும். மாமியார் மாத்திரையும் பிள்ளைங்க நீச்சல் துணியும் கைப்பையில இருக்கட்டு.

தக்கலை_டீச்சர்:
110-னா டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுல ஏறலாம், அதுக்கு 102 போதும். மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டாருக்கு 125. இதை வீட்டுலயே அவன்கிட்ட சொல்லிருங்கம்மா. அங்க அளவுகோல் பக்கத்துல நின்னு அண்ணன் மட்டும் உள்ள போறதைப் பாத்தா அன்னைக்குப் பொழுது அழுகையிலதான் போகும்.

சனி, ஞாயிறு வேண்டாம். மே கடைசியில சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் லீவு வந்திரும், அதுக்குள்ள முடிச்சிருங்க. மத்தியானத்துக்கு மேல இடி வந்தா வெளியில ஓடுற ரைடெல்லாம் நிறுத்திருவாங்க, அதனால பெரிய ரைடு காலையிலயே. விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில நிக்க மாமியாரால முடியாதுன்னா, பார்க்குல வீல்சேர் வாடகைக்கு எடுத்திருங்க.

மார்த்தாண்டம்_மருமகள்:
அப்போ இறங்குற நாள் ராத்திரி வரைக்கும் அஞ்சு பேரும் பெட்டியோட எங்க இருக்க?

குளச்சல்காரன்:
சாங்கி ஏர்போர்ட்டை ஒட்டி ஜூவல்னு ஒரு மால் இருக்கே. உங்க விமானத்துக்கு அங்க முன்கூட்டியே செக்-இன் உண்டான்னு கேளுங்க, இருந்தா பெட்டியைக் குடுத்துட்டுக் கையை வீசிட்டுப் போலாம். கட்டிடத்துக்குள்ளேயே 40 மீட்டர் அருவி, பாக்கக் காசு கிடையாது. திற்பரப்பு மாதிரி குளிக்கத்தான் விடமாட்டாங்க. மாமியாருக்கு ஏசி, உக்கார இடம், எல்லாம் உண்டு.

இன்னொண்ணு, கப்பல் வெளிய போய்த் திரும்பி வருகில்லா, விசா பலமுறை நுழையுற விசாதானான்னு பாருங்க. வருகை அட்டையை அரசாங்க இணையதளத்துலயே போடுங்க. அது இலவசம், காசு கேட்டா அது வேற ஆளு.

மார்த்தாண்டம்_மருமகள்:
பாத்தாச்சு, மரினா பேதான் போட்டிருக்கு. வீட்டுக்காரர் ஒரு நாள் முன்னாடி போகச் சம்மதிச்சிட்டாரு, ரெண்டு நாளுக்கு இன்னும் பேச்சு நடக்கு.