பார்லி திசு வளர்ப்பில் வெள்ளைத் தளிர்கள்: வழி கேட்கிறேன்

வணக்கம். முதிராத பார்லி விதைகளிலிருந்து 1.5 முதல் 2 மி.மீ. அளவுள்ள கருக்களைப் பிரித்து, முளை அச்சை நீக்கி, லிட்டருக்கு 2.5 மி.கி. டைகாம்பா (ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கி) சேர்த்த எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக்) ஊட்ட ஊடகத்தில், 24 டிகிரி செல்சியஸில், இருட்டில் வளர்த்து வருகிறேன். கோல்டன் பிராமிஸ் இரகத்தில் வெளிர்மஞ்சளாக, முடிச்சு முடிச்சாகக் கெட்டியான காலஸ் (இன்னும் உறுப்புகளாகப் பிரியாத செல்திரள்) நன்றாகவே உருவாகிறது; அச்சைச் சரியாக நீக்காத கருக்கள் மட்டும் முளைத்துத் தொலைக்கின்றன.

வெளிச்சத்துக்கு மாற்றிய பிறகுதான் சிக்கல். பச்சைப் புள்ளிகள் தோன்றிய காலஸிலும் வேரே மிகுதியாக வருகிறது. எழும் தளிர்களில் பாதிக்கு மேல் நுனிமுதல் அடிவரை வெள்ளையாகவே நின்று, சில நாள்களில் வாடிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய, எம்.எஸ். ஊடகத்தில் 0.1 மைக்ரோமோலாராக உள்ள தாமிர சல்பேட்டை 5 மைக்ரோமோலாராக உயர்த்தவிருக்கிறேன். அதைக் காலஸ் கட்டத்திலேயே சேர்ப்பதா, தளிர் கட்டத்தில் மட்டும் போதுமா? இருட்டுக்கும் முழு வெளிச்சத்துக்கும் இடையில் மங்கிய ஒளியில் எத்தனை வாரம் வைக்கலாம்? பார்லியில் கைப்பழக்கம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.